அயர்லாந்து கிராமத்தில் தனி வீடு: கிணற்றுத் தண்ணீர், எண்ணெய்த் தொட்டி, பூஞ்சை, யாரைக் கேட்பது?

மதுரைப்பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். மேயோ கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) செவிலியர் வேலை கிடைத்து வந்திருக்கிறேன். காசல்பார் டவுனுக்குள் வாடகை வீடு அமையவில்லை, அதனால் வெளியே வயல்களுக்கு நடுவில் ஒரு தனி வீட்டில் போன மாதம் குடியேறினோம், நான், கணவர், ஏழு வயது மகள். இடம் பிடித்திருக்கிறது. ஆனால் தண்ணீர் தோட்டத்து போர்வெல்லிலிருந்து வருகிறது, வீட்டுக்காரர் "முப்பது வருஷமா இதைத்தான் குடிக்கிறோம்" என்கிறார், மகளுக்குக் கொடுக்கலாமா? ஹீட்டிங்குக்கு வெளியே மண்ணெண்ணெய்த் தொட்டி. பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. எனக்கு நைட் டியூட்டி இருக்கும் நாட்களில் அவர்கள் இருவர் மட்டும்தான், இங்கே ஒருவரையும் தெரியாது. அக்டோபரிலேயே இப்படி என்றால் குளிர்காலத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ராஸ்காமன்வாசி:
சகோதரி, முதலில் தண்ணீரைப் பாருங்கள். முப்பது வருஷம் குடித்ததெல்லாம் கணக்கில்லை, நல்ல மழைக்குப் பிறகு மேய்ச்சல் நிலத்துச் சாணமும் செப்டிக் டேங்க் கழிவும் கிணற்றில் இறங்கலாம், பார்க்கக் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருக்கும். ஆய்வகத்தில் அவர்களே பாட்டில் தருவார்கள், அதில் பிடித்துக் கொடுங்கள். கிருமிப் பரிசோதனை வருடம் ஒருமுறையாவது செய்யச் சொல்கிறார்கள். முடிவு வரும்வரை கொதிக்கவைத்துக் குடியுங்கள், ஆனால் கொதித்தால் ஈ.கோலை மாதிரிக் கிருமி சாகுமே தவிர நைட்ரேட் என்ற ரசாயனம் போகாது, அதையும் சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். கிணற்று மோட்டார் ஓடுவது மின்சாரத்தில். 2025 ஜனவரி 24 அன்று 'ஏயோவின்' என்று பெயரிட்ட புயல் அடித்தபோது நாடு முழுக்க 7,68,000 இணைப்புகளில் மின்சாரம் போனது, எங்கள் மேற்குப் பக்கத்தில் பல வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் திரும்பவில்லை. கரண்ட் இல்லையென்றால் குழாயில் தண்ணீர் இல்லை, பாய்லரும் ஓடாது. சிவப்பு எச்சரிக்கை வந்தவுடனே குடம், வாளி, பாத்டப் எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள், கேஸ் அடுப்பு ஒன்றும் பவர் பேங்க்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

டொனிகால் அக்கா:
பூஞ்சை பற்றி நான் சொல்கிறேன்மா. குளிருக்குப் பயந்து சுவரில் இருக்கும் காற்றுத் துளைகளை டேப் போட்டு அடைப்பது நம் ஆட்களிடம் ரொம்பச் சாதாரணம். அடைத்திருந்தால் இன்றைக்கே பிரித்துவிடு. விறகோ கரியோ எரிக்கும் அடுப்பு உள்ளே இருந்தால் துளையை அடைப்பது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் காட்டும் அலாரம் கட்டாயம் வை. குக்கர் வைக்கும்போது கதவைச் சாத்தி ஜன்னலைக் கொஞ்சம் திற, துணியை ரேடியேட்டரில் காயப்போடாதே, பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. ஈரம் உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர் ஒன்று வாங்கிவிடு. ராத்திரி ஓடவிட்டால் காலையில் அதன் தொட்டியில் நிற்கிற தண்ணீரைப் பார்த்தால் உனக்கே நம்பிக்கை வரும். பாப்பாவுக்கு இருமல் இருந்தால் டாக்டரிடம் பூஞ்சையையும் சொல்.

எண்ணெய்த் தொட்டியை ஒட்டுமொத்தமாகத் தீர விடக்கூடாது. எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்துவிட்டால் நிரப்பிய பிறகும் பாய்லர் எரியாது, ஆள் வரவழைக்க வேண்டியிருக்கும். பக்கவாட்டில் அளவுக் குழாய் இல்லையென்றால் மூங்கில் குச்சியை விட்டு எடுத்து, நனைந்த இடத்தைப் பார். கால்வாசி இருக்கும்போதே ஆர்டர் போடு. சிலர் 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவரமாட்டார்கள், அதனால் அக்கம்பக்கத்தோடு சேர்ந்து போட்டால் நல்லது.

அப்புறம், டிசம்பரில் நாலரைக்கு முன்னாலேயே இருட்டத் தொடங்கிவிடும். அதற்குள் கணவரை நாலு பேரிடம் பேசவை, வீட்டுக்குள் இருந்தால் யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள். வண்டியில் எதிரே வருபவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் அது வணக்கம், நீங்களும் தூக்குங்கள். மகளை உள்ளூர் ஜிஏஏ கிளப்பில் (இந்த நாட்டுப் பாரம்பரிய விளையாட்டுகளுக்கான கிளப்) சேர்த்துவிடு, சின்னப் பெண்களுக்கும் பயிற்சி உண்டு, மைதான ஓரத்தில் நிற்கும்போதே அப்பாக்கள் சிநேகமாகிவிடுவார்கள். மேயோ ஆண்கள் அணி கேலிக் கால்பந்தில் அகில அயர்லாந்துக் கோப்பையைக் கடைசியாக ஜெயித்தது 1951-ல், அதைப் பற்றிக் கேட்டால் போதும், பேச்சு தானாக ஓடும். பக்கத்து வீட்டில் கேதம் என்றால் ஐந்து நிமிஷமாவது போய்க் கைகுலுக்கிவிட்டு வா. நம் ஊர் மாதிரியேதான், வந்தவர்களை மறக்கமாட்டார்கள்.

மதுரைப்பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. துளைகளில் டேப் ஒட்டியிருக்கிறது, எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒட்டியதாக இருக்கும், இப்போதே பிரிக்கிறேன். செப்டிக் டேங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

ராஸ்காமன்வாசி:
வடை சுட்ட எண்ணெயை சிங்க்கில் ஊற்றவே கூடாது, உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும். ப்ளீச்சையும் அளவோடு பயன்படுத்துங்கள், டேங்கில் கழிவை மட்கவைக்கும் கிருமிகள் செத்துவிடும். கடைசியாக எப்போது காலி செய்தது என்று வீட்டுக்காரரிடம் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், பதில் கையில் இருக்கும். மறக்காமல் உங்கள் வீட்டு ஏர்கோடை (இங்கத்திய பின்கோடு) எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். கிராமத்து வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது, ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஏர்கோடு உண்டு, நீங்கள் டியூட்டியில் இருக்கும்போது 112-க்கு அழைத்தால் கணவர் அதைச் சொன்னால் போதும், ஆம்புலன்ஸ் நேராக வந்துவிடும்.