கம்பைலர் 'மாட்டேன்' என்ற இடங்கள்: திருகோணமலை நண்பர்கள் எழுதுங்கள்

உப்புவெளி:
எட்டுக் கோர் (கணக்கிடும் மையம்) உள்ள கணினி வாங்கினால் செய்நிரலும் எட்டு மடங்கு பறக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இணைக் கணிப்பில், அதாவது வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் செய்விப்பதில், கம்பைலரோடு (நாம் எழுதும் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) மல்லுக்கட்டியவர்கள் நடந்ததை எழுதுங்கள்.

பாலையூற்று:
என் தங்கையின் இறுதியாண்டு ஆய்வு இது. கொட்டியாரக் குடாவைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, மகாவலியின் நன்னீர் கடல்நீரோடு கலந்து உவர்ப்பு எங்கே எவ்வளவில் நிலைகொள்கிறது என்று பார்த்தாள். எளிய மாதிரிதான்: ஒரு கட்டத்தின் மதிப்பு, சுற்றியுள்ள நான்கு கட்டங்களின் சராசரி. புதிதாக வந்த மதிப்பை உடனே அடுத்த கட்டத்துக்கு எடுத்து, விடை நிலைக்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடும் காவுஸ்-சைடல் முறையில், சி மொழியில் எழுதியிருந்தாள். அந்த லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி) ஆமை வேகத்தில் ஓடியது. பல எண்களை ஒன்றாகக் கணக்கிடும் கட்டளைகளாக ஏன் மாற்றவில்லை என்று ஜிசிசி என்ற கம்பைலரிடம் அறிக்கை கேட்டோம். முந்தைய சுற்றின் விடை இந்தச் சுற்றுக்குத் தேவைப்படுகிறது என்று காரணம் காட்டியது. நியாயம்தானே? இடப்பக்கக் கட்டத்தின் புதிய மதிப்பு வராமல் இந்தக் கட்டத்தைத் தொட முடியாது.

பிறகு கட்டங்களைச் சதுரங்கப் பலகைபோலச் சிவப்பு, கறுப்பு என்று பிரித்தாள். சிவப்புக்கு அயலில் இருப்பவை எல்லாம் கறுப்பு. ஆகவே சிவப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் கணக்கிடலாம், அடுத்து கறுப்பு. மேலே, லூப்பைக் கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஓப்பன் எம்.பி. கட்டளை ஒரு வரி, அவ்வளவுதான். இதைக் கம்பைலர் தானாகச் செய்யாது. வரிசை மாறினால் இடையில் வரும் எண்கள் மாறும். கடைசியில் இரண்டும் ஒரே விடையில்தான் போய்ச் சேரும் என்பது கணிதம் படித்தவளுக்குத் தெரியும், கம்பைலருக்கு எப்படித் தெரியும்?

கிண்ணியா:
அண்ணா, எங்கள் அலுவலகத்தில் மழைவீழ்ச்சித் தரவைக் கூட்டும் லூப்பை நான்கு த்ரெட்டுகளுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) பிரித்தோம். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கடைசி இலக்கங்கள் வேறு வேறாக வந்தன. மேலதிகாரிக்கு வியர்த்துவிட்டது! மிதவைப்புள்ளி எண்களில் (கணினி குறித்த அளவு இலக்கங்களோடு மட்டும் வைக்கும் பின்ன எண்கள்) கூட்டும் வரிசை மாறினால் தோராயமாக்கலும் மாறும். நாம் அனுமதி கொடுக்காதவரை அத்தகைய கூட்டலின் வரிசையை ஜிசிசி மாற்றாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

சீனக்குடா:
ஃபோர்ட்ரானைக் கிழட்டு மொழி என்று சிரிக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. ஒரு துணைநிரலுக்கு இரண்டு அணிகளை (எண் வரிசைகளை) கொடுத்து ஒன்றில் எழுதினால், அவை நினைவகத்தில் ஒன்றின்மேல் ஒன்று படியக்கூடாது என்பது அதன் விதி. அதனால் கம்பைலர் துணிந்து லூப்பைப் பிரிக்கிறது. சி மொழியின் சுட்டிகள் (நினைவக முகவரியை வைத்திருப்பவை) எங்கே சுட்டுகின்றன என்று யாருக்குத் தெரியும்? 1999ஆம் ஆண்டுத் தரத்தில் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற சொல் வந்த பிறகுதான் சியிலும் அந்த உறுதிமொழியைக் கொடுக்க வழி பிறந்தது. ஓப்பன் எம்.பி.யும் 1997இல் முதலில் ஃபோர்ட்ரானுக்குத்தான் வந்தது, சிக்கு அடுத்த வருடம்.

உப்புவெளி:
பாலையூற்று, நான்கு கோரில் நான்கு மடங்கு வேகம் கிடைத்ததா?

பாலையூற்று:
எங்கே கிடைக்கிறது! இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டியது. ஆழத் தரவுக் கோப்பை வாசிப்பதும் வரைபடத்தை எழுதுவதும் இன்னும் ஒற்றைக் கோரில்தான் நடக்கின்றன. மொத்த வேலையில் ஐந்தில் ஒரு பங்கு இப்படி நின்றால், ஆயிரம் கோர் கொடுத்தாலும் ஐந்து மடங்கை எட்ட முடியாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் வைத்த வாதம் இது. இப்போது அந்தக் கோப்பு வாசிப்பில்தான் கைவைத்திருக்கிறாள்.