கார் சர்வீஸை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா, பட்டறையில் விடுவதா?

பெருந்துறைக்காரன்:

வணக்கமுங்க. 2018 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். வாரண்டி முடிந்து ரொம்ப நாளாகிறது. எல்லா பிராண்டு காரும் எடுக்கும் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில்தான் விட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை பில் 9,400 ரூபாய். ஆயிலும் ஃபில்டரும் போட்டதற்கு இவ்வளவா என்று பில்லைப் படித்தால் இன்ஜின் ஃபிளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங் என்று வரிசையாக இருக்கிறது. போதாததற்கு 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று ஒரு வரி. அது என்னவென்று கவுண்டரில் இருந்த பையனுக்கே தெரியவில்லை. "பேக்கேஜ் சார்" என்றான்.

என் மாமனார் டிராக்டருக்கு அவரேதான் ஆயில் மாற்றுவார். "காருக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்குது?" என்கிறார். வீட்டு வாசலில் சமமான காங்கிரீட் தளம் இருக்கிறது. ஸ்பேனர் செட் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எதை நானே செய்யலாம், எதைத் தொடவே கூடாது? உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்? வெளியில் சர்வீஸ் ரெக்கார்டு இல்லாவிட்டால் விற்கும்போது விலை குறையுமா? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்க.

சோமனூர் தறிக்காரர்:

தம்பி, முதலில் காசுக் கணக்கு. நல்ல சிந்தடிக் ஆயில் மூன்றரை லிட்டர் கேன் பிராண்டைப் பொறுத்து 1,500 முதல் 2,000 வரை. ஆயில் ஃபில்டர் நூறு, நூற்றைம்பது. வடிபோல்ட்டுக்கு வாஷர், சில்லறைக் காசு. இது யார் செய்தாலும் ஆகிற செலவு. ஊரில் தெரிந்த மெக்கானிக் இதற்குக் கூலி நானூறு, ஐந்நூறு கேட்பார். வீட்டில் செய்தால் அந்தக் கூலிதான் மிச்சம், வேறொன்றுமில்லை. உங்கள் 9,400-ல் பெரும்பகுதி நீங்கள் கேட்காத வேலைக்குப் போயிருக்கிறது. அதை நிறுத்த காருக்கு அடியில் படுக்கணுமா என்ன? வண்டியை விடும்போதே "ஆயில், ஃபில்டர், பிரேக் செக், வேறு எதுவானாலும் போன் பண்ணிக் கேளுங்க" என்று ஜாப் கார்டில் எழுதவைத்தால் போதும்.

அப்படியிருந்தும் நான் பாதி வேலையை வீட்டில்தான் செய்கிறேன். காரணம் எங்கள் ஊர்ப் பஞ்சு. தறிக்குடோன் பக்கம் கார் நிற்கிறது. டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றி ஏசி கேபின் ஃபில்டரை உருவினால் கிழிந்த தலையணை மாதிரி வரும். ஒரு கோடையில் ஏசி குளிரவில்லை என்று ஒரு கடையில் காட்டினேன். கேஸ் நிரப்பணும் என்றார்கள். வீட்டுக்கு வந்து முன் கிரில் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் முகம் முழுக்கப் பஞ்சு ஒட்டிக் கம்பளியாகிக் கிடக்கிறது. கேஸ் எங்கேயும் போகவில்லை, காற்று போகத்தான் வழியில்லை. மெத்தென்ற பிரஷ்ஷால் வழித்தெடுத்து, தண்ணீரை வேகமில்லாமல் விட்டுக் கழுவியதும் சரியாகிவிட்டது. கார் மேனுவலில் தூசி அதிகமான இடத்தில் ஓட்டுகிறவர்களுக்கென்று தனி அட்டவணையே இருக்கும், யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. திருப்பூர், பல்லடம், சோமனூரில் ஓடும் எல்லா வண்டியும் அந்தக் கணக்கில்தான் வரும். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் தூசி, நாமக்கல்லில் கோழிப்பண்ணைத் தூசி.

ஆகவே நின்றபடி செய்கிற வேலையெல்லாம் நீங்களே செய்யுங்க. ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், வைப்பர், பேட்டரி டெர்மினலில் பூத்த உப்பைக் கழுவுவது, கூலன்ட் அளவு பார்ப்பது. ஏர் ஃபில்டரை ஊதுவதானால் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, காற்றைக் குறைத்து வைத்து ஊதணும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரை முழு வேகத்தில் பிடித்தால் காகிதம் ஓட்டையாகிவிடும், அப்புறம் ஃபில்டர் இருந்தும் பிரயோஜனமில்லை. ரேடியேட்டர் மூடியை மட்டும் இன்ஜின் சூட்டில் திறக்கவே திறக்காதீங்க.

படுத்துச் செய்கிற வேலைக்கு வருவோம். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றத்தான், அதை நம்பி அடியில் போகக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் விரிசல் விட்டுச் சொல்லிக்கொண்டு உடையாது, ஒரே நொடியில் நொறுங்கும். தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்க, பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்க. இரண்டுக்கும் மனசில்லையென்றால் ஆயில் மாற்றும் ஆசையை விட்டுவிடுங்க.

இன்ஜினை சில நிமிஷம் ஓடவிட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் ஆயில் நன்றாக இறங்கும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்க. சில சமயம் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். தெரியாமல் அதன் மேலேயே புது ஃபில்டரைப் பூட்டினால் ரெண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணியதும் ஆயில் பீய்ச்சும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினால் போதும், ஸ்பேனர் வேண்டாம். வடிபோல்ட்டில் பைப் மாட்டி முறுக்குகிற வேலையும் வேண்டாம். மரை போனால் சம்ப்பையே, அதாவது அடியிலுள்ள ஆயில் தொட்டியையே, மாற்றச் சொல்வார்கள். எத்தனை லிட்டர், என்ன கிரேடு என்பதை மேனுவல் பார்த்து ஊற்றுங்க. பெட்ரோல் ஸ்விஃப்டுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முன்னால் வருகிறதோ அது.

இன்ஜின் ஃபிளஷ், அதாவது மருந்து ஊற்றி இன்ஜின் உள்ளே கழுவுவது, வேண்டவே வேண்டாம். நேரத்துக்கு ஆயில் மாற்றும் வண்டிக்கு அது எதற்கு?

ஆழியாறு ரோடு மெக்கானிக்:

நான் பட்டறைக்காரன், என் கட்சியைத்தான் பேசுவேன் என்று நினைப்பீர்கள். பரவாயில்லைங்க. தறிக்கார அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆயில் நீங்களே வாங்கி வந்தாலும் ஊற்றித் தருகிறேன். கேன் மூடி சீல் பார்த்து வாங்குங்க. காலிக் கேனை அப்படியே குப்பையில் போடாமல் ஓட்டை போட்டுவிடுங்க. நல்ல கேன் கிடைத்தால் அதில் கண்ட ஆயிலையும் நிரப்பி விற்க ஆள் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது பிரேக் பற்றி. என் பட்டறைக்கு வால்பாறையிலிருந்து இறங்கி வரும் வண்டிகள் வரும். 40 கொண்டை ஊசி. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்பார்கள். பேடு நன்றாக இருக்கும், டிஸ்க் நன்றாக இருக்கும், ஃப்ளூயிட் மட்டும் டீத்தண்ணி நிறத்தில் இருக்கும். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற ரக ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீர் 3.7 சதவீதம் சேர்ந்துவிட்டால் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, அது 155 வரை. இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். ஃப்ளூயிட் கொதித்தால் லைனுக்குள் ஆவி. ஆவியை அமுக்கினால் அமுங்கத்தான் செய்யும், பிரேக் பிடிக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுங்க, இறக்கத்தில் செகண்ட் கியரில் வாங்க. திம்பம் இறங்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த வேலையை யூடியூப் பார்த்து வாசலில் செய்யாதீர்கள். நாலு சக்கரத்திலும் பிரேக் லைனுக்குள் இருக்கும் காற்றை வரிசைப்படி எடுக்கணும், டப்பாவில் ஃப்ளூயிட் வற்றாமல் ஒரு ஆள் பார்த்துக்கொள்ளணும். ஒரு சொட்டு பெயின்டில் பட்டால் பெயின்ட் உரியும். பேடும் கண்ட கடையில் வாங்க வேண்டாம்.

இன்னொன்று. பாதியைக் கழற்றிவிட்டு, போல்ட்டையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிற ஆட்களிடம்தான் நான் கூலி கூடக் கேட்பேன். எந்த போல்ட் எங்கே என்று தேடுவதிலேயே அரை நாள் போகிறது.

பல்லடம் டீச்சர்:

எனக்கு வாடகை வீடு. வாசலில் ஒரு சொட்டு ஆயில் சிந்தினால் வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிவிடுவார். அதனால் நடுவழி. ஃபில்டரும் ஆயிலும் நானே பில்லோடு வாங்கிக்கொண்டு, கூட்டம் குறைவான நாளாகப் பார்த்துப் பட்டறைக்குப் போய், முடியும்வரை அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கழற்றிய பழைய சாமானை என் கையில் கொடுத்துவிடணும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். முதல் தடவை சிரித்தார்கள், இப்போது அவர்களே பையில் போட்டு வைக்கிறார்கள்.

விற்கும்போது விலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிலோமீட்டர் தெரிகிற மாதிரி மீட்டரைப் போட்டோ எடுத்து, அன்றைய ஸ்பேர் பில்லோடு ஒரு நோட்டில் ஒட்டிவையுங்கள். என் பழைய ஆல்டோவை வாங்கியவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்த பிறகு பேரத்தை நிறுத்திவிட்டார்.

வாரண்டியில் வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கு: 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் ஸ்பேரும் ஸ்கேனர் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி செய்தார்கள் என்பதுதான் வழக்கு. வெளியில் ரிப்பேர் பார்த்தாலே வாரண்டி போச்சு என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் அந்த உத்தரவில் உண்டு. கம்பெனிகள் அப்பீல் போனது தனிக்கதை. நான் என் புது வண்டியை வாரண்டி முடிகிறவரை கம்பெனியிலேயே விடுகிறேன். ஒரு கியர்பாக்ஸுக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்க என்னால் ஆகாது.

பெருந்துறைக்காரன்:

எல்லாருக்கும் நன்றிங்க. பானட்டைத் திறந்து நின்றபடி செய்வது என் வேலை, அடியில் படுத்துச் செய்வது பட்டறை வேலை என்று முடிவு பண்ணியிருக்கிறேன். ஸ்டாண்டு வாங்கினால் ஆயிலும் ஒரு நாள் பார்க்கலாம். கேபின் ஃபில்டரை இன்று கழற்றினேன். அது இருந்த இடத்தில் எலி கடித்த பாதிதான் இருந்தது, பேக்கேஜில் அது இல்லை போல.

ஒரு சந்தேகம். வடித்த கருப்பு ஆயிலை என்ன செய்வது? மாமனார் கட்டுத்தரைக் கம்பத்துக்குக் கரையானுக்கு அடிக்கலாம் என்கிறார்.

சோமனூர் தறிக்காரர்:

அந்தக் காலத்தில் எல்லாரும் அடித்ததுதான். மாடு கம்பத்தை நக்கும், வேண்டாம் என்று சொல்லுங்க. உங்கள் ஊர்ப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் போகிறது, சாக்கடையில் ஊற்றினாலும் எங்காவது தண்ணீரில்தான் போய்ச் சேரும். அதே கேனில் ஊற்றி மூடி, மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்க. பட்டறையில் பேரலில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் எடுக்க வருகிறவர்களுக்குப் போடுவார்கள். பழைய ஃபில்டரையும் ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்து வடித்துக் கொடுங்க, அதற்குள்ளேயே ஒரு டம்ளர் ஆயில் நிற்கும். கேனை ஓட்டை போடுவதை மட்டும் அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்க.