சளியில் ரத்தம், டிபி இல்லை: ஓசூர் அனுபவம்

ஓசூர் சிப்காட்டில் என்னோடு வேலை பார்க்கும் மணிப்பூர்ப் பையனுக்கு மாதக்கணக்கில் இருமல். சளி துரு நிறத்தில் வரும், சில நாள் ரத்தத்தோடு. எக்ஸ்ரேயில் நிழல். சளியில் டிபி கிருமியைத் தேடும் சிபிநாட் சோதனை நெகட்டிவ். ஆனாலும் எக்ஸ்ரேயை நம்பி டிபி மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். இருமல் நின்றபாடில்லை. ஆள் மட்டும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, எடை குறையாமல் இருந்தான்.

வேறொரு டாக்டர் ரத்த ரிப்போர்ட்டில் ஈஸ்னோபில் என்ற வெள்ளையணு எகிறியிருப்பதைப் பார்த்துவிட்டு, "ஊர்ல ஆத்து நண்டு சாப்பிடுவியா?" என்று கேட்டார். ஓடை நண்டை அரைவேக்காட்டில் சுட்டுத் தின்பார்களாம். அப்புறம்தான் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள், புழு முட்டை இருந்தது. சரியாக வேகாத நண்டு வழியே வரும் நுரையீரல் தட்டைப்புழு, பாராகோனிமஸ். டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனைக்கும் அனுப்பினார்கள்.

எனக்கு உறைத்தது இதுதான்: சிபிநாட்டும் மரபணுச் சோதனைதான். ஆனால் அது டிபி கிருமியை மட்டும் தேடும். அதே சளியில் முட்டை மிதந்தாலும் கண்டுகொள்ளாது. சாப்பாட்டைப் பற்றி யாராவது கேட்டால்தான் சரியான சோதனைக்கே வழி பிறக்கிறது.

கிருஷ்ணகிரி லேப்காரர்: சரியாகச் சொன்னீர்கள். முட்டையைப் பார்த்து பாராகோனிமஸ் என்று சொல்லலாம், எந்த வகை என்பது கஷ்டம். அதற்குத்தான் ஐடிஎஸ்-2 என்ற டிஎன்ஏ பகுதியைப் பிசிஆரில் பெருக்கி, வரிசையைப் படித்து ஒப்பிடுவது. வடகிழக்கில் மனிதர்களிடம் ஹெட்டரோட்ரீமஸ் வகை கண்டறியப்பட்டிருக்கிறது. இன்னொன்று, புழு முட்டையிடத் தொடங்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்கு முன் சளியில் முட்டை கிடைக்காது. அப்போது ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பார்கள்.

பென்னாகரம் வாசி: பயமுறுத்தாதீர்கள்! எங்கள் வீட்டில் சளி பிடித்தாலே நண்டு ரசம்தான்.

கிருஷ்ணகிரி லேப்காரர்: நன்றாகக் கொதித்தால் பயமில்லை, தாராளமாகக் குடியுங்கள். பச்சை நண்டு இடித்த அம்மியைக் கழுவாமல் அதிலேயே சட்னி அரைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஓசூரிலிருந்து மறுபடி நான்: பையனுக்கும் ஹெட்டரோட்ரீமஸ் என்றே வந்தது. எந்த வகையானாலும் மருந்து பிராசிகுவாண்டல்தான். கிலோ எடைக்கு 25 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, மூன்று நாள் கொடுத்தார்கள். ரத்தம் வருவது நின்றுவிட்டது. எக்ஸ்ரே நிழல் மெதுவாகத்தான் மறையுமாம். அவன் அறையில் தங்கியிருக்கும் அதே ஊர்ப் பையனும் இருமுகிறான். அவனையும் அந்த டாக்டரிடமே அழைத்துப் போகிறோம்.