ஆயாவின் கடன் கணக்கும் என் நோட்டும்: எழுத்து வந்து மூளையை மாற்றியதா?

ராயபுரத்தான்:
எங்கள் ஆயா காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்துபோய்ப் பழைய வண்ணாரப்பேட்டையில் தெருத்தெருவாக விற்றவர். எழுதப் படிக்கத் தெரியாது, முப்பது வீட்டுக் கடனும் தலையில்தான். ஆனால் ஒரு வீட்டுப் பாக்கியைக் கேட்டால் தொகை உடனே வராது. "அவ தம்பி ஊர்ல இருந்து வந்தான்னு வவ்வால் எடுத்தா, நூறு குடுத்தா, அப்புறம் மழையன்னிக்கு சங்கரா..." என்று கதை ஓடி, கடைசியில்தான் தொகை வரும். நான் அதையே பெயர், தேதி, தொகை என்று நோட்டில் எழுதினேன். கூட்டிப் பார்க்கச் சுலபம், ஆனால் யார் எதற்கு வாங்கினார்கள் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. இது வெறும் ஞாபகசக்தி விஷயமா, இல்லை யோசிக்கும் விதமே மாறுகிறதா?

கல்மண்டபம் வாசி:
லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் 1931-32இல் உஸ்பெகிஸ்தானில் இதைத்தான் சோதித்தார். சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை, இதில் சேராதது எது? படிக்காத விவசாயிகள் எல்லாமே சேரும் என்றார்கள், கட்டை இல்லாமல் ரம்பத்தை வைத்து என்ன செய்வது? கொஞ்ச காலம் வகுப்புக்குப் போனவர்கள் கட்டையைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றும் கருவிகள் என்றார்கள். ஆக, எழுத்துதான் மாற்றியது.

தண்டையார்பேட்டை ஆசாமி:
அவசரப்படாதீங்க. அந்த விவசாயிகளுக்கு எழுத்தும் வகுப்பும் சேர்ந்தே வந்தன, எது மாற்றியது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? லைபீரியாவில் வாய் என்ற மக்களுக்குச் சொந்த எழுத்து உண்டு. பள்ளிக்கூடம் போகாமல், தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு கடிதமும் கணக்கும் எழுதுவார்கள். அங்கே ஸ்கிரிப்னர், கோல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஆராய்ந்து 1981இல் புத்தகம் போட்டார்கள். அந்த எழுத்து மட்டும் தெரிந்தவர்களிடம் நீங்கள் சொல்லும் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஏன் இப்படிப் பிரித்தேன் என்று விளக்கிச் சொல்லும் பழக்கம் பள்ளிக்கூடத்தோடுதான் வந்தது. படிக்காதவருக்கு யோசிக்கத் தெரியாது என்று முடிவுகட்ட நம்ம ஊரில் ஆள் நிறைய, அதற்கு லூரியாவைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

வியாசர்பாடி கானா ரசிகன்:
இரண்டு பேரும் பட்டியலை விட்டுவிட்டீர்கள். சுமேரியாவில், அதாவது இன்றைய ஈராக்கின் தெற்கில், சுமார் 5,000 வருஷத்துக்கு முன் எழுத்து தொடங்கியது பாட்டுக்காக இல்லை, பார்லியும் ஆடும் எண்ணத்தான். பேச்சில் யாரும் ஆடு 5, பார்லி 12 என்று மேலிருந்து கீழே அடுக்க மாட்டார்கள். அவர்கள் எழுதிய களிமண் பலகையில் அப்படி அடுக்கியதும் கதையும் ஆளும் கழன்று, சரக்கும் எண்ணும் மட்டும் நிற்கின்றன. அப்போதுதான் இதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. சாவு வீட்டில் கானா பாடுபவர் செத்தவர் பெயரையும் அவர் செய்த தொழிலையும் அந்த இடத்திலேயே பாட்டில் கோப்பார். அதையே தாளில் எழுதிக் கொடுங்கள், மறுநாள் வேறு வீட்டில் செல்லாது. உங்கள் நோட்டிலும் ஆயா கணக்கிலும் நடந்தது இதுதான்.

ராயபுரத்தான்:
இப்போதுதான் ஒன்று ஞாபகம் வருகிறது. நோட்டு போட்ட புதிதில், எந்தத் தெருவில் ஆயா பாக்கி அதிகம் என்று பெருமையாகக் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "தெருவாடா என்கிட்ட மீன் வாங்குச்சு?" என்றார்.