மறுமொழி: ‘போலி நண்பர்கள்’ வேண்டாம், ‘அயலொப்பு’ எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம். இரு மொழிகளில் வடிவத்தால் ஒத்திருந்து பொருளால் வேறுபடும் சொற்களை ஆங்கிலத்தில் ‘ஃபால்ஸ் ஃபிரெண்ட்ஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைக்கலாம் என்று நாம் பேசிவருவதற்கு என் மறுமொழி இது.

> ‘ஃபால்ஸ் ஃபிரெண்ட்ஸ்’ என்பதைப் ‘போலி நண்பர்கள்’ என்று அப்படியே வைத்துக்கொண்டால் என்ன? எல்லாருக்கும் உடனே புரியுமே.

புரியும், ஆனால் தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. தமிழ் இலக்கணத்தில் போலி என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. பந்தல் – பந்தர், மயல் – மையல், ஐந்து – அஞ்சு: எழுத்து மாறுகிறது, பொருள் அப்படியே இருக்கிறது. நாம் பெயர் தேடுவதோ வடிவம் ஒத்திருந்து பொருள் மாறும் சொல்லுக்கு. இலக்கணம் படித்த மாணவர் ‘போலி’ என்று கண்டால் நேர் எதிரானதைத்தானே நினைப்பார்? ‘போலி நண்பர்கள்’ என்ற இந்தப் பெயரைப் பிரெஞ்சில் 1928இல் வைத்தவர்கள் கெஸ்லர், தெரொக்கிஞி என்ற இரு நூலாசிரியர்கள். ஆங்கிலச் சொற்களைக் கண்டு ஏமாறாதீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர்களை எச்சரிக்க அவர்களுக்கு அந்த உருவகம் பொருந்தியது. நாம் உருவகத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

‘மயங்குசொல்’ என்ற பரிந்துரையும் எனக்குச் சரிப்படவில்லை. ல, ள, ழ போன்ற மயங்கொலிகளோடு அது குழம்பிவிடும்.

‘பலபொருள் ஒருசொல்’ என்ற பரிந்துரையைத்தான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நன்னூல் திரிசொல்லை, அதாவது எளிதில் பொருள் விளங்காத சொல்லை, விளக்கும்போது ‘பலபொருள் குறித்த ஒருசொல்’ என்கிறது. பழைய செய்யுள் அகராதியான சூடாமணி நிகண்டு பதினோராம் தொகுதி முழுவதையும் இப்படிப்பட்ட சொற்களுக்கே ஒதுக்கியிருக்கிறது. அருமையான மரபு, ஐயமில்லை. ஆனால் அது ஒரே மொழிக்குள் நடக்கும் விஷயம். ‘மா’ என்ற ஓரெழுத்து ஒருமொழியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் மாமரம், அரைத்த மாவு, விலங்கு, பெரிய என்னும் அடை, இருபதில் ஒரு பங்கு, நில அளவு, திருமகள். இது நிகண்டு பார்த்த பார்வை. இப்போது எல்லையைத் தாண்டுங்கள். நெடில், குறில் வேறுபாட்டைச் சற்றே ஒதுக்கிவிட்டால், இத்தாலியத்தில் அது ‘ஆனால்’, ஹங்கேரியத்தில் ‘இன்று’, எஸ்தோனியத்தில் ‘நான்’, பிரெஞ்சில் பெண்பால் சொல்லுக்கு முன் வரும் ‘என்’, அரபியில் ‘என்ன’, ஜப்பானியத்தில் ‘இடைவெளி’, சமஸ்கிருதத்தில் ‘செய்யாதே’ என்று தடுக்கும் சொல். மாண்டரின் சீனத்தில் தொனிக்குத் தக்கபடி அம்மா, சணல், குதிரை, திட்டு. இவை ஒரு சொல்லின் பல பொருள்கள் அல்ல. ஒரே உருவில் வந்து நிற்கும் பல சொற்கள். ‘ஒருசொல்’ என்று பெயரிலேயே எழுதிவிட்டால் அந்த வேறுபாடு அழிந்துவிடும்.

அந்தச் சீனக் குதிரையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. சங்கத் தமிழிலும் மா என்றால் குதிரை உண்டு. உடனே ‘பார்த்தீர்களா, இரண்டும் ஒன்றே’ என்று கிளம்பிவிடுவோம். ஆனால் சீனச் சொல்லின் பழைய வடிவத்தில் ரகரம் ஒன்று இருந்ததாக ஆய்வாளர்கள் மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். பின்னோக்கிப் போகப் போக ஒற்றுமை கரைகிறது. இன்னொரு தற்செயல் ஒற்றுமை: ஆஸ்திரேலியாவின் ம்பாபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்கு ஏறக்குறைய ‘டாக்’ என்றே பெயர். ஆங்கிலத்திலிருந்து போனதில்லை, ‘குடக’ போன்ற பழைய வடிவம் அந்த மொழிக்கே உரிய ஒலி மாற்றங்களால் தேய்ந்து அப்படி ஆனது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். உலக மொழிகளில் குறுஞ்சொற்களும் எளிய ஒலிகளும் ஏராளம், மோதிக்கொள்ளத்தான் செய்யும். ஒலி மாற்றம் ஒரே ஒழுங்கில் பல சொற்களில் திரும்பத் திரும்பத் தெரிந்தால்தான் உறவு பேசலாம்.

இதற்கு மாறாக, ‘அவசரம்’ உண்மையாகவே ஒரே வேர். சமஸ்கிருதத்தில் தக்க தருணம். மலையாளத்திலும் இந்தியிலும் அது வாய்ப்பு, தெலுங்கில் தேவை, தமிழில் பரபரப்பு. தெலுங்குக்காரர் ‘அவசரம் லேது’ என்றால் ‘தேவையில்லை’ என்று மறுக்கிறார். தமிழ்க் காதுக்கு அது ‘மெதுவாகச் செய்யலாம்’ என்று விழுகிறது. ஒருவர் வேண்டாம் என்றதை மற்றவர் பிறகு தரலாம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். ‘மா’வில் இந்த அளவுக்கு யாரும் ஏமாறுவதில்லை, பக்கத்துச் சொற்கள் காப்பாற்றிவிடும். ஏமாற்றுவது உறவுள்ள சொற்கள்தான். ஆகவே நம் கலைச்சொல் இந்த இரண்டையும் ஒரே கூடையில் போடக்கூடாது.

என் பரிந்துரை: பொதுப்பெயர் ‘அயலொப்பு’. வேறு மொழிச் சொல்லோடு வடிவ ஒப்புமை, பொருள் பற்றி எந்த வாக்குறுதியும் இல்லை. அதற்குள் ஒரே வேரிலிருந்து வந்தவை ‘கிளையொப்பு’, தற்செயலாக ஒத்தவை ‘தற்செயலொப்பு’. கிளை என்பது பழந்தமிழில் சுற்றம். மொழிக்குடும்பத்தின் கிளை என்ற இன்றைய வழக்கோடும் ஒத்துப்போகிறது.

> ‘ஒப்பொலி’ இன்னும் தெளிவாக இல்லையா?

ஒலியைப் பெயரில் சேர்க்கத் தயங்குகிறேன். நம் எழுத்தில் பகரம் ஒன்றே பல ஒலிகளைச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் வாங்குவதற்கும், விடைபெறுவதற்கும், ஒரு பலகாரத்துக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் ‘பை’. நம் கைப்பையோடு சேர்த்து நான்கு. இதில் ஒரு பகுதி காதில் நடக்கும் ஒற்றுமை, மற்றது எழுத்தால் வந்த ஒற்றுமை. ‘ஒப்பு’ என்று மட்டும் நிறுத்தினால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். ஓர் எழுத்துப் பகுதி எந்த மொழி என்று கண்டறியும் கணினி நிரல்கள் ஓரிரு எழுத்துச் சொற்களில் தடுமாறுவதைப் பற்றி எழுதும்போதும் இதே சொல் பயன்படும்: ‘குறுஞ்சொற்களில் அயலொப்பு மிகுதி’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

மலையாளத்தையும் தெலுங்கையும் ‘அயல்’ என்பதா என்று சிலருக்கு மனம் ஒப்பாமல் போகலாம். அயல்வீடு என்றால் பக்கத்து வீடுதானே? எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

அகராதிப் பதிவில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்: ‘வெள்ளம்: பெருகி வரும் நீர். கிளையொப்பு: மலையாளத்தில் பொதுவாகத் தண்ணீர்.’ உறுத்தினால் எங்கே உறுத்துகிறது என்று எழுதுங்கள். முக்கியமாக, ‘தற்செயலொப்பு’ நீளம் என்று நினைப்பவர்கள் அதைவிடக் குறுகிய ஒன்றைத் தந்தால் நன்றி.