எலாஸ்டோகிராபி: ‘மீள்தன்மை வரைவியல்’ வேண்டாம், ‘இறுக்க வரைவியல்’ போதும்

அன்புள்ள டீச்சர், வணக்கம்.

எலாஸ்டோகிராபி, அதாவது உடலின் இழையம் (திசு) எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஸ்கான்; அதற்கு நீங்கள் முன்வைத்த ‘மீள்தன்மை வரைவியல்’ இலக்கணத்தில் குறையில்லாத சொல். பௌதிகவியல் பாடத்தில் நாம் படித்ததும் அதுதான். ஆனாலும் உமிழ்நீர்ச் சுரப்பி நோயாளிகளுக்கான கையேட்டில் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் மாமிக்கு ஷோகிரென் நோய். உடலின் நோயெதிர்ப்புக் கலங்களே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளுக்குள் புகுந்து தாக்கும் நோய் அது. சுவீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென் 1933இல் தம் ஆய்வேட்டில் விவரித்தது. பெரும்பாலும் பெண்களுக்கே வருகிறது. பாணைத் தேநீரில் தோய்த்தால்தான் மாமியால் விழுங்க முடியும். திருகோணமலை வெயிலுக்கு நா வறளாமல் என்ன செய்யும் என்று நாங்களும் பல ஆண்டுகள் விட்டுவிட்டோம். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இந்தச் சொல்லில் நான் பிடிவாதமாக நிற்பதற்கும் அதுவே காரணம்.

மீன் சந்தையில் மாமி பாரையின் வயிற்றைப் பெருவிரலால் அமுக்குவார். குழி உடனே எழும்பினால் வாங்குவார். பதிந்தே கிடந்தால் அடுத்த பலகைக்குப் போய்விடுவார். மீள்தன்மை என்றால் அதுதான். காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியில் மருத்துவர் தேடுவதோ வேறு: அது எவ்வளவு அமுங்க மறுக்கிறது என்பதை. 1991இல் ஆய்வாளர் ஒபிரும் அவருடைய குழுவினரும் எலாஸ்டோகிராபி என்று பெயரிட்ட முறையிலும், இழையத்தை மெல்ல அமுக்கி, அமுக்குமுன்னும் பின்னும் வந்த கழியொலி (அல்ட்ராசவுண்ட்) எதிரொலிகளையே ஒப்பிட்டார்கள். கலங்கள் குவிந்து நார் படரப் படர, மெத்தென்ற சுரப்பி இறுகுகிறது. “உங்கள் சுரப்பியின் மீள்தன்மை கூடியிருக்கிறது” என்று கேட்கும் நோயாளி, நலம் மீள்கிறது என்றே எண்ணுவார். ஸ்கான் காட்டும் எண் கூடுவது உண்மையில் கெட்ட செய்தி.

‘விறைப்பு’ என்ற மற்றப் பரிந்துரையும் நம் ஊருக்குப் பொருந்தாது. பல் பிடுங்குமுன் போடுவது விறைப்பு ஊசி. இந்த நோய்க்கு உதட்டின் உட்புறத்திலிருந்து சிறு சுரப்பிகளை வெட்டியெடுத்துச் சோதிப்பதும் உண்டு. அதற்கும் அதே ஊசிதான். ‘விறைப்பு ஸ்கான்’ என்றால் வாய் மரத்துப்போகும் என்று பயப்படுவார்கள்.

சீமெந்து இறுகும், தயிர் இறுகும், நெஞ்சு இறுகும். ஆகவே நுட்பத்துக்கு ‘இறுக்க வரைவியல்’, அது தரும் வண்ணப் படத்துக்கு ‘இறுக்க வரைபடம்’ என்கிறேன். இடத்துக்கு இடம் இறுக்கத்தை நிறத்தால் காட்டுவதால் அது வரைபடமேதான். நிறத்தைப் பெயரில் சேர்க்க வேண்டாம்: ஒரு கருவியில் சிவப்பு இறுக்கத்தைக் குறிக்கும், இன்னொன்றில் நீலம். மாமியிடம் சொல்லிப் பார்த்தேன். காதுக்கு முன்னால் விரலை வைத்து, “இது இறுகிவிட்டதா என்று பார்ப்பதா?” என்று கேட்டார். விளக்கம் தேவைப்படவில்லை.

கையேட்டில் ஒன்றை அழுத்தமாக எழுதியே ஆக வேண்டும். இந்த ஸ்கான் மட்டும் நோயைத் தீர்மானிக்காது. 2016இன் அமெரிக்க, ஐரோப்பிய வாதவியல் அமைப்புகளின் வகைப்படுத்தலில் உதட்டு இழையச் சோதனை, இரத்தத்தில் ரோ எதிர்ப்பொருள் (உடலின் சொந்தப் புரதமொன்றையே தாக்குவது), கண்ணீர், உமிழ்நீர் அளவுகள் இருக்கின்றன. இறுக்க வரைவியல் இல்லை. வேறு அழற்சியாலும் சுரப்பி இறுகலாம். ஊசியோ வெட்டோ இல்லாமல் திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்பதே இதன் பெரிய வசதி.

‘ஷியர் வேவ்’ என்ற சொல் பாக்கி; இறுக்கத்தை அளக்க உதவும் அலை அது. கழியொலி இழையத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 1540 மீற்றர் ஓடும்; அதன் உந்தலால் எழும் இந்த அலையோ மென்மையான இழையங்களில் 1 முதல் 10 மீற்றர்தான். இறுகிய இடத்தில் விரையும். வேகம் இரு மடங்கானால், இறுக்கத்தின் அளவான யங்கின் மட்டு நான்கு மடங்கு. துகள்கள் அலை செல்லும் திசைக்குக் குறுக்கே அசைவதால் ‘குறுக்கலை’ என்ற பாடநூற்சொல்லையே வைத்துக்கொள்ளலாமா, டீச்சர்? நீங்கள் சரி என்றால் கையேட்டின் இரண்டாம் பக்கத்தை இன்றிரவே திருத்திவிடுகிறேன்.