"ஸ்போர்ட்டிவா எடுத்துக்கோ" என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

காவிரிக்கரை
இங்கிலாந்தில், லீட்ஸில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மீட்டிங்கில் ஒருவரை எல்லோரும் கலாய்த்ததில் மனிதர் முகம் சுண்டிவிட்டது. ஆறுதலாக இருக்கட்டுமே என்று "டேக் இட் ஸ்போர்ட்டிவ்" என்றேன். உடனே மலர்ந்து, "ஸ்போர்ட்டிவா? நீயும் வருகிறாயா?" என்றார். நானும் தலையாட்டி வைத்தேன். ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஹெல்மெட்டும் கையுமாக வாசலில் நிற்கிறார்! அங்கே ஸ்போர்ட்டிவ் என்றால் கூட்டமாகப் போகும் நெடுந்தூர சைக்கிள் சவாரியாம்.

வேலிப்பருத்தி
பி.ஏ. ஆங்கிலம், வேர்ட்ஸ்வொர்த். 1798-இல் எழுதிய டின்டர்ன் ஆபி கவிதையில் "ஸ்போர்ட்டிவ் வுட்" என்று வருமே, அதற்குப் பொருள் கேட்டார் சார். "கிரிக்கெட் மட்டை செய்கிற மரம் சார்" என்றேன். வகுப்பே சிரித்தது, சார் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் கூப்பிட்டு, கம்பி வேலியைத் தாண்டி இஷ்டத்துக்கு ஓடிக்கிடந்த கொடியைக் காட்டினார். "அது விளையாடுது பார்." அவ்வளவுதான் சொன்னார்.

செம்மைப்பேனா
காவிரிக்கரை, தப்பு உங்கள் மேல்தான். விளையாட்டுத்தனமான, குறும்பான என்பதே அதன் பழைய பொருள். மனம் கோணாமல் ஏற்றுக்கொள்வது என்பது நம் ஊர்ப் பக்கம் ஒட்டிக்கொண்டது. தங்கையின் வரன் பயோடேட்டாவில் நான் "ஸ்போர்ட்டிவ் கேர்ள்" என்று போட, ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியாரான பெரியப்பா அதை மூன்று முறை அடித்தார். காரணம் சொல்லவில்லை. ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தின் தொடக்கப் பேச்சைப் படித்த பிறகுதான் புரிந்தது. அங்கே அந்தச் சொல் சல்லாபத்தைக் குறிக்கிறது!

ஆகவே எல்லோரும் கவனியுங்கள். விளையாட்டில் ஆர்வம் என்றால் 'ஸ்போர்ட்டி'. தோற்றாலும் முகம் சுளிக்காதவர் 'குட் ஸ்போர்ட்'. துள்ளும் குழந்தைக்கு 'பிளேஃபுல்' போதும். ரெஸ்யூமேயில் ஸ்போர்ட்டிவ் எழுதவே எழுதாதீர்கள். முடிந்தால் நல்ல அகராதி ஒன்று வாங்குங்கள், மொபைல் செயலி வேண்டாம். அப்புறம், தினமும் ஒரு பக்கம் சத்தமாக வாசியுங்கள்.

மாடித்தோட்டம்
சரி, அகராதி வாங்கிக்கொள்கிறோம். எனக்கு இதே சொல் செடியில் வந்தது. சிவப்பு ரோஜாவில் ஒரே ஒரு கிளை மட்டும் வெளிர் ரோஸில் பூத்தது. நோய் என்று நினைத்து வெட்டி எறிந்தேன். நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்: "அது ஸ்போர்ட் சார்!" தாய்ச்செடியிலிருந்து ஒரு மொட்டு மட்டும் மாறி வருவதற்கு அதுதான் பெயராம். பீச் மரத்தில் நெக்டரின் என்ற வழுவழுத் தோல் பழம் இப்படியும் வந்திருக்கிறது, டார்வினே எழுதியிருக்கிறார். பதியம் போட்டிருந்தால் புது ரகமே கிடைத்திருக்கும். குப்பை வண்டி அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டது.